ஆய்வகக் கதவைத் திறந்தால் மட்டும் போதுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, எங்கள் மூன்றாமாண்டு புராஜெக்ட் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் அது என்னை வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் வேலைக்கு யாரை எடுக்கிறார்கள், எடுத்தவர் அங்கே நிலைத்து நிற்க என்ன செய்கிறார்கள் என்ற விஷயத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. "இவனுக்கு என்ன ஆச்சு? அரியர் கிளியர் பண்ற வழியைப் பாக்காம அமெரிக்க புரொபசரைப் பத்தி எழுதறான்!" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். விஷயம் நம் விரல் நுனியிலிருந்துதான் தொடங்குகிறது.

விரல் நுனியில் ஒரு கேள்வி

எங்கள் பேட்சில் நாலு பேர். எடுத்துக்கொண்ட புராஜெக்ட், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். தத்துவம் சுலபமானது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபின் ஒளியை ஒரு மாதிரி உறிஞ்சும், ஏற்றாதது வேறு மாதிரி உறிஞ்சும். ஆகவே 660 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்று, விரலுக்கு மறுபக்கம் ஒரு போட்டோடயோடு. நாடி துடிக்கும்போது இரண்டு ஒளியும் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து விகிதம் எடுத்தால் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். இந்த வழியைக் கண்டவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டகுவோ அவோயாகி. அவர் இதை வெளியிட்டது 1974-ல்.

ஆனால் விகிதம் வேறு, சதவீதம் வேறு. இன்ன விகிதத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஓர் அட்டவணை வேண்டும். அதை எந்தச் சூத்திரத்திலிருந்தும் சுத்தமாக வரவழைக்க முடியாது. ஆரோக்கியமான ஆட்களை உட்கார வைத்து, சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதே நேரத்தில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்து, ஒப்பிட்டுத்தான் போடுகிறார்கள். நாங்கள் அந்த அட்டவணையை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துப் புரோகிராமில் போட்டுவிட்டோம்.

டெஸ்ட் பண்ணும் நாளில், பேட்சிலேயே கறுப்பான என் விரலை வைத்தால் மட்டும் சிக்னல் சின்னதாக வந்தது. "மச்சான், உன் விரலுக்கு மட்டும் எல்.இ.டி. கரண்ட்டை ஏத்தணும் போலடா" என்று ஒரே கிண்டல். நானும் சிரித்தேன். அப்போது எங்கள் பேட்ச் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஐ.டி.ஐ. முடித்து, நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவர். எங்களைவிட மூன்று வயது பெரியவர். லேபில் அதிகம் பேசவே மாட்டார். "அது சரி தம்பி, அந்த டேபிளை யாரோட விரலை வச்சுப் போட்டாங்க?" என்றார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. 2021 மே மாதம், இரண்டாவது கொரோனா அலையின்போது, எங்கள் தெருவுக்கும் ஆக்சிமீட்டரோடு தன்னார்வலர்கள் வந்தார்கள். என் தாத்தா விரலில் மாட்டியபோது 95 காட்டியது. "பயப்பட ஒண்ணும் இல்ல, வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார்கள். மறுநாள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 86. தாத்தா நல்லபடியாக வீடு திரும்பினார். ஒரே ஒரு நாள் நடந்ததை வைத்துக் கருவியைக் குறை சொல்லக் கூடாது. கை ஜில்லென்று இருந்தாலும் ரீடிங் மாறும், ஒரு இரவில் நோயும் முற்றும். ஆனால் அண்ணன் கேட்ட கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. தேட ஆரம்பித்தேன்.

30 வருடம் தூங்கிய ஒரு விடை

1990-லேயே அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் என்ற இரண்டு டாக்டர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். செயற்கை சுவாசத்தில் இருந்த வெள்ளையின நோயாளிகளுக்கு ஆக்சிமீட்டரில் 92 காட்டினால் நம்பலாம். கறுப்பின நோயாளிகளுக்கு அதே நிம்மதி வர 95 காட்ட வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இது ரகசியமும் அல்ல, அச்சில் வந்தது. ஆனாலும் கருவி அப்படியே உலகமெங்கும் விற்றது.

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மானுடவியல் பேராசிரியராக இருக்கும் ஏமி மோரன்-தாமஸ், வீட்டில் நோய் வந்தபோது வாங்கிய ஆக்சிமீட்டரைப் பார்த்து, இது எல்லாத் தோலிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் தங்கள் ஆஸ்பத்திரிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2020 டிசம்பரில் முடிவு வெளியானது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தச் சோதனையில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது எத்தனை தடவை? வெள்ளையின நோயாளிகளில் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு.

அந்த நாட்டு மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2013-ல் தந்த வழிகாட்டுதலைப் பார்த்தால் அண்ணன் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கிறது. கருவியைச் சோதிக்கக் குறைந்தது 10 ஆரோக்கியமான ஆட்கள். அவர்களில் 2 பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அத்தனை பேர் கருந்தோல் உள்ளவர்களாக இருந்தால் போதும். 10 பேரில் 2 பேர்! 2025 ஜனவரியில்தான் இதைத் திருத்தி, இன்னும் அதிகமான ஆட்களையும் பலவிதத் தோல் நிறங்களையும் கேட்கும் ஒரு வரைவு வந்தது.

நண்பர்களே, சர்க்யூட்டில் தப்பு இல்லை. கணக்கிலும் தப்பு இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை அழுத்திக் கேட்க ஆள் இல்லை. ஆய்வகத்தில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. தன் விரலில் தப்பாகக் காட்டுகிற கருவியை, அந்த விரலுக்குச் சொந்தக்காரர்தான் முதலில் சந்தேகப்படுவார். அவர் ஆய்வகத்தின் தலைவராக இருந்தால் சந்தேகம் ஆராய்ச்சியாகும். இல்லாவிட்டால் அது புலம்பலாகவே போய்விடும்.

கதவுக்கு வெளியே ஒரு டெக்னீஷியன்

நம்மைப் போல் கை வேலை தெரிந்த ஒருவரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் விவியன் தாமஸ். 1910-ல் பிறந்த கறுப்பினத்தவர். தச்சு வேலை தெரிந்தவர். கல்லூரிக்குப் போகச் சேர்த்து வைத்த பணம் 1929 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வங்கியோடு முழுகிப் போனது. 1930-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் பிளாலாக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி வேலை. பதிவேட்டில் பதவியோ துப்புரவுப் பணியாளர்.

1941-ல் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போனார்கள். பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம் பூத்துப்போகும் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் கேட்டார். நாய்களின் மேல் அந்த அறுவை சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்து பக்குவப்படுத்தியவர் தாமஸ். கருவிகளைக்கூட அவரே மாற்றி அமைத்தார். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கட்டத்திலும் யோசனை சொன்னவரும் அவர்தான். சிகிச்சைக்கோ பிளாலாக்-டாசிக் என்று பெயர் வைத்தார்கள். தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டமும் ஆசிரியர் பதவியும் கிடைத்தது 1976-ல். ஹாப்கின்ஸுக்குள் காலடி வைத்து 35 வருடம் கழித்து!

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாமஸ் ஆய்வகத்துக்கு உள்ளேதான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் எதை ஆராய்வது என்று தீர்மானிக்கிற நாற்காலி அவருக்கு இல்லை.

அந்த நாற்காலி என்பது என்ன?

நம் கல்லூரி விரிவுரையாளரையும் அமெரிக்க ஆராய்ச்சிப் பேராசிரியரையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு ஒரு காலி அறையும், ஆய்வகம் தொடங்கப் பல லட்சம் டாலர் ஆரம்பப் பணமும் தருவார்கள். சில வருடத்துக்குள் அவர் வெளியிலிருந்து ஆராய்ச்சி நிதி கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கு, அதாவது உடல், நோய், மருந்து, மருத்துவக் கருவி ஆகியவை பற்றிய ஆராய்ச்சிக்கு, உலகிலேயே அதிகப் பொதுப்பணம் தருவது அமெரிக்காவின் தேசிய உடல்நல நிறுவனங்கள்; சுருக்கமாக என்.ஐ.எச். அதற்குள் 27 நிறுவனங்களும் மையங்களும் உண்டு. அது தரும் ஆர்-01 என்ற நிதி கிடைத்துவிட்டால் நாலைந்து வருடம் ஆய்வகம் ஓடும். ஆக, நாற்காலி என்றால் மூன்று: வேலை, பணம், கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

இந்த நாற்காலிகளில் சில பிரிவினர் மிகக் குறைவு என்று என்.ஐ.எச். பல வருடம் பட்டியல் வைத்திருந்தது. கறுப்பினத்தவர், ஸ்பானிய வம்சாவளியினர், அமெரிக்கப் பழங்குடியினர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவுப் பூர்வகுடிகள், உடல் ஊனமுற்றோர், ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தோர், உயர்பதவி மட்டத்தில் பெண்கள் என்று அது போகும். நம் ஊரிலிருந்து போகும் விஞ்ஞானிகள் அங்கே "ஆசியர்" கணக்கு. இந்தப் பட்டியலில் இல்லை.

தொட்டி நிறைந்தது, வால்வு திறக்கவில்லை

"படித்தவர்கள் இருந்தால்தானே வேலைக்கு எடுக்க முடியும்?" என்பது எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்கு விடையாக 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. 1980 முதல் 2013 வரை, குறைவாக உள்ள இனப் பிரிவுகளிலிருந்து பிஎச்.டி. முடித்தோர் எண்ணிக்கை 9.3 மடங்கு ஆகியிருக்கிறது. மற்றவர்களில் 2.6 மடங்குதான். அப்படியானால் மருத்துவக் கல்லூரிகளின் அடிப்படை அறிவியல் துறைகளில் அவர்கள் உதவிப் பேராசிரியராகச் சேர்வதும் அதே மாதிரி ஏறியிருக்க வேண்டுமல்லவா? ஏறவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் படித்தோர் கூடக் கூட வேலைக்கு எடுப்பதும் கூடியது. இவர்கள் விஷயத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. பிஎச்.டி. எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் 2080 வரைகூடப் பெரிய மாற்றம் வராது என்று அவர்களுடைய கணினி மாதிரி காட்டியது.

ஹாஸ்டல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டோம். கீழே குழாயில் தண்ணீர் வரவில்லை. இன்னொரு மோட்டார் வாங்கினால் தீருமா? நடுவில் இருக்கிற வால்வைப் போய்ப் பார்க்க வேண்டாமா?

எங்கே குறைகிறது?

அந்த வால்வுகளில் ஒன்று பணம். 2011-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு என்.ஐ.எச்.சையே உலுக்கியது. 2000 முதல் 2006 வரை 40,000-க்கும் மேற்பட்டவர்கள் அனுப்பிய 83,000-க்கும் மேற்பட்ட ஆர்-01 விண்ணப்பங்களை அலசினார்கள். கறுப்பினத்தவர் அனுப்பியவை மொத்தத்தில் 1.4 சதவீதமே. நாட்டு மக்கள் தொகையிலோ அவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம். படிப்பு, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள், வேலை செய்யும் நிறுவனம், முன்பு பெற்ற நிதி என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சமன் செய்த பிறகும், வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவருக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது.

அப்படியானால் மதிப்பெண் போடுகிறவர்கள் பெயரைப் பார்த்து ஓரவஞ்சனை செய்கிறார்களா? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். 48 உண்மையான விண்ணப்பங்களை எடுத்து, எழுதியவர் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, 412 விஞ்ஞானிகளிடம் கொடுத்தார்கள். 2019-ல் வெளியான முடிவு, பெயரால் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்பதே. இதை நாம் மறைக்கக் கூடாது. ஒரு பக்கச் சான்றை மட்டும் எழுதினால் அது கட்டுரை அல்ல, மேடைப் பேச்சு.

அப்புறம் எங்கேதான் குறைகிறது? அதே 2019-ல் வந்த இன்னொரு ஆய்வு 2011 முதல் 2015 வரையிலான விண்ணப்பங்களைப் பார்த்தது. நிதி கிடைத்தது வெள்ளையினத்தவருக்கு 17.7 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 10.7 சதவீதம். காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும் தலைப்பு. கறுப்பின விஞ்ஞானிகள் சமூகத்தில் நோய் ஏன் சிலரையே அதிகம் தாக்குகிறது என்ற மாதிரியான கேள்விகளை அதிகம் எடுக்கிறார்கள். செல், மூலக்கூறு என்று போகும் கேள்விகளைவிட இவற்றுக்கு நிதி கிடைப்பது குறைவு. இடைவெளியில் 20 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு காரணத்தால் வருகிறது என்று கணக்கிட்டார்கள். 2021-ல் இன்னொரு விவரமும் வந்தது. அந்தத் தலைப்புகள் போய்ச் சேரும் என்.ஐ.எச். நிறுவனங்களே குறைந்த விகிதத்தில் நிதி தருபவையாக இருக்கின்றன!

எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு ஸ்டேஜ் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் சிக்னல் போனால் கடைசியில் மிஞ்சுவது 53 சதவீதம்தான். எந்த ஸ்டேஜைத் தனியாக எடுத்து மீட்டர் வைத்துப் பார்த்தாலும் "இதுல ஒண்ணும் பெரிய ஃபால்ட் இல்லையே" என்றுதான் தோன்றும். வில்லன் ஒருவரும் இல்லாமலேயே அநியாயம் நடக்க முடியும் என்று நான் கற்றுக்கொண்டது இங்கேதான்.

எடுப்பது பாதி வேலை

சரி, பல்கலைக்கழகங்கள் என்னதான் செய்தன? முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது நம் ஊர் இடஒதுக்கீடு அல்ல. அங்கே கல்லூரி இடங்களை இனவாரியாக ஒதுக்குவது 1978-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நின்றுபோனது. வேலைக்கு இனம் பார்த்து எடுப்பதை 1964 சிவில் உரிமைகள் சட்டமே தடுக்கிறது. ஆகையால் வேறு வழிகளைத் தேடினார்கள்.

முதல் வழி, தேர்வுமுறையைச் சீராக்குவது. விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைத்துவிடுவது. வைவா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டர்னல் "பையன் நல்லாப் பேசறான்" என்று 20 போடுவதற்கும், கேள்விவாரியாகப் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? விளம்பரத்தையும் தெரிந்த நாலு இடத்துக்கு மட்டும் அனுப்பாமல் பரவலாக அனுப்புவது.

இரண்டாவது, கூட்டமாக எடுப்பது. ஒரு துறையில் ஒரே ஒருவரை எடுத்தால் அவர் தனிமரம். ஐந்தாறு பேரை ஒரே சமயத்தில் எடுத்தால் அவர்கள் ஒரு பேட்ச். ஒருவர் எழுதிய நிதி விண்ணப்பத்தை இன்னொருவர் படித்துத் திருத்தலாம். சோர்ந்தால் தட்டிக்கொடுக்கலாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: வந்தவரை நிற்க வைப்பது. இதற்குப் பணம், நேரம், ஆள் மூன்றும் வேண்டும். ஆரம்பப் பணம் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. முதல் சில வருடம் வகுப்புச் சுமையைக் குறைப்பது. வழிகாட்ட மூத்த பேராசிரியர் ஒருவரை நியமிப்பது. வழிகாட்டி மட்டும் போதாது, அவர் இல்லாத கூட்டத்தில் அவருக்காக வாய் திறந்து பேசுகிற ஒருவரும் வேண்டும்.

நேரம் என்றேனே, அதில் ஒரு சூட்சுமம் உண்டு. 1994-ல் அமாடோ படில்லா என்ற பேராசிரியர் இதற்குப் "பண்பாட்டு வரி" என்று பெயர் வைத்தார். துறையில் கறுப்பினப் பேராசிரியர் ஒரே ஒருவர் என்றால், எல்லாக் குழுவிலும் அவரைப் போடுவார்கள். கறுப்பின மாணவர்கள் எல்லாருடைய கஷ்டத்தையும் அவர்தான் கேட்க வேண்டும். விழாப் புகைப்படத்தில் அவர் நிற்க வேண்டும். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் பதவி நிரந்தரத்துக்கு எண்ணுவது ஆராய்ச்சிக் கட்டுரையையும் நிதியையும். ஊர் வேலை எல்லாம் பார்த்தவர் கடைசியில் "உற்பத்தி குறைவு" என்று வெளியே போவார். "வாய்ப்புக் கொடுத்தோம், அவரால் நிற்க முடியவில்லை" என்று பேச்சு வரும்!

நிற்க வைத்தால் பலன் உண்டா? மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-ல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்தைப் பாருங்கள். இது மாணவர்களுக்கான திட்டம். 1989-ல் முதல் குழுவில் 19 கறுப்பின மாணவர்கள். 1990-ல் பெண்களும், 1996-லிருந்து எல்லா இனத்தவரும் சேர்ந்தார்கள். உதவித்தொகையோடு நிறுத்தவில்லை. கல்லூரி தொடங்குமுன் கோடைப் பயிற்சி, கூட்டாகப் படிப்பது, முதலிலிருந்தே ஆய்வக வேலை என்று கட்டுக்கோப்பாக நடத்தினார்கள். அங்கே படித்து 2008-ல் வெளிவந்தவர் கிஸ்மேகியா கார்பெட். பின்னாளில் என்.ஐ.எச்.சில், மாடர்னா கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான ஆராய்ச்சியில் முக்கியப் பங்காற்றினார். 2021-ல் ஹார்வர்டில் உதவிப் பேராசிரியரானார். அவருக்கு நாற்காலி கிடைத்தது.

ஒரு திட்டம் வந்ததும் போனதும்

இந்தப் பாடங்களை எல்லாம் சேர்த்து என்.ஐ.எச். ஒரு பெரிய திட்டம் போட்டது. அதன் சுருக்கப் பெயர் "ஃபர்ஸ்ட்". ஒன்பது வருடத்தில் சுமார் 24 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2021-ல் முதல் தவணையாகக் கார்னெல், டிரெக்செல், புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம், மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளி, சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம், டஸ்கீகியோடு சேர்ந்து அலபாமா பர்மிங்ஹாம் ஆகியவற்றுக்கு நிதி கிடைத்தது. பலன்களை அளந்து பார்க்கும் மையம் மோர்ஹவுஸ் மருத்துவப் பள்ளியில் அமைந்தது. புதிதாக வேலைக்கு வருவோரைக் கூட்டமாக எடுக்க வேண்டும். ஆராய்ச்சித் திறமையோடு, எல்லாரையும் அரவணைக்கும் சூழலை வளர்ப்பதில் அக்கறை காட்டியவராகவும் இருக்க வேண்டும். வழிகாட்டலுக்கும் சூழலை மாற்றுவதற்கும் பல்கலைக்கழகம் பொறுப்பேற்க வேண்டும். இவை நிபந்தனைகள்.

எதிர்ப்பும் வந்தது. "அக்கறைக்கு மதிப்பெண் போடுவது கொள்கைப் பரீட்சை வைப்பது போலாகும், இனம் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மறைமுகமாகப் பார்க்கிறார்கள், விஞ்ஞானத்துக்குத் திறமை ஒன்றே அளவுகோல்" என்றார்கள். 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதையே உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2025 ஜனவரியில் புதிய அதிபரின் ஆணைகள் இத்தகைய திட்டங்களுக்கு அரசுப் பணம் கூடாது என்றன. அதே வருடம் என்.ஐ.எச். இந்தத் திட்டத்தை நிறுத்தியது. ஒன்பது வருடம் அளக்க நினைத்ததை நாலு வருடம்கூட முழுசாக அளக்க முடியவில்லை.

எதிர்த்தவர்கள் சொன்னதில் யோசிக்க வேண்டியது இல்லாமல் இல்லை. அக்கறையைப் பேப்பரில் எழுதச் சொன்னால், அழகாக எழுதத் தெரிந்தவன் ஜெயிப்பான். நம் ரெக்கார்டு நோட்டு மாதிரிதான். ஆனால் "திறமை ஒன்றே போதும்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு விவியன் தாமஸ் ஞாபகம் வருகிறார். அவரிடம் திறமைக்கா குறைவு? ஆக்சிமீட்டர் ஞாபகம் வருகிறது. திறமைசாலிகள் செய்த கருவிதானே அது? திறமை வேண்டும், சந்தேகமே இல்லை. அதோடு, எந்த விரலையும் விட்டுவிடாமல் கேள்வி கேட்கிற ஆட்களும் அந்த அறையில் வேண்டும். ஆராய்ச்சியின் பலன் போய்ச் சேருவது அமெரிக்காவோடு நிற்பதில்லை. அங்கே போட்ட அட்டவணை எங்கள் தெருவில் என் தாத்தா விரல்வரை வந்துவிட்டது.

நமக்கு என்ன?

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் பேட்ச் அண்ணன் இரண்டாமாண்டு நடுவிலேயே கல்லூரியை விட்டுப் போகப் பார்த்தார். கணக்கு புரியவில்லை, இங்கிலீஷ் புரியவில்லை, வயது வித்தியாசத்தால் பேச ஆள் இல்லை. "ஒர்க் ஷாப்புக்கே போயிடறேன் தம்பி" என்றார். அட்மிஷன் கொடுத்ததோடு கல்லூரியின் வேலை முடிந்திருந்தால் அவர் போயிருப்பார். கணக்கு மேடம் சாயங்காலம் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தார். நாங்கள் சால்டரிங் அவரிடம் கற்றுக்கொண்டு, பதிலுக்கு இன்டகிரேஷன் சொல்லிக்கொடுத்தோம். அவ்வளவுதான் நடந்தது. யாரும் பெரிய தியாகம் செய்துவிடவில்லை. ஆனால் அவர் நின்றதால்தான் அன்றைக்கு அந்தக் கேள்வி எங்கள் மேஜையில் எழுந்தது. உண்மையைச் சொன்னால், நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டிருக்கவே மாட்டோம்.

எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம். எத்தனை பேர் விரலில் சோதித்தோம், அவர்கள் தோல் நிறம் என்ன, யாருக்குச் சிக்னல் குறைந்தது என்று ஓர் அட்டவணை. மொத்தம் 31 விரல்கள். வாட்ச்மேன் தாத்தா, கேன்டீன் அக்கா, பிரின்சிபால் சார் எல்லாரும் அதில் அடக்கம். அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் உண்டா என்று கைடு சாரிடம் கேட்டோம். "சிலபஸ்ல இல்ல, ஆனா எடுக்காதீங்க" என்றார்.

எடுக்கவில்லை.

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை